பத்மாவதியின் இடது பக்கம்

வார்டின் கடைசிக் கட்டிலில் பத்மாவதி அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். நான் அங்கே போனது அவருக்காக அல்ல. வேறொரு நோயாளியின் எக்ஸ்ரே படங்களைத் தாதியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை. தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டெட்டால் வாசம் அடித்தது.

என் சப்பாத்துச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ்ஸி, ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னது நீங்கதானே?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்போ ஏன் இன்னும் வலிக்குது?"

அறுவை செய்த காயம் வலிக்கத்தான் செய்யும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் விலா எலும்புக்குக் கீழே வைத்தார்.

"வெட்டுன எடம் இல்ல லா. இங்க."

பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் செல்வம் எழுந்து நின்றார். அவருக்குத் தர்மசங்கடமாக இருந்தது. டாக்டர் காலையில்தான் வந்து பார்த்தார், வயிற்றில் காற்று நிற்கிறது, எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று சொன்னார், இவள்தான் கேட்கமாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

கட்டில் கால்மாட்டில் தொங்கிய குறிப்புகளைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை நான் எழுதிய ஸ்கேன் தாள் மேலே இருந்தது. அதன் ஓரத்தில் டாக்டர் ஒரு சரி குறி போட்டிருந்தார். கீழே, நோயாளி தொடர்ந்து வலி சொல்கிறார், ஸ்கேன் சரியாக உள்ளது, தேறுதல் சொல்லவும் என்று எழுதியிருந்தது.

என் தாளை வைத்துத்தான் அந்தப் பெண்ணின் வாயை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த பிறகு என்ன பார்ப்பது?

போன வாரம் இந்தப் பத்தியில் என் ஸ்கேன் அறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, செபராங் ஜெயாவிலிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டிருக்கிறார். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் ஸ்கேன் செய்வோம் என்று நான் போகிற போக்கில் எழுதியிருந்தேன். எடுத்த பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அன்று வார்டில் இருந்த பாதித் தாதிகளுக்கும் அதே சந்தேகம் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மருத்துவமனைக்கு அந்த இயந்திரம் வந்தது. ஜார்ஜ்டவுனில் இருந்த மருத்துவமனை என்பது போதும், பெயர் வேண்டாம். அதுவரை நான் எக்ஸ்ரே எடுப்பவள் மட்டும்தான். ஆறு வாரம் கோலாலம்பூரில் பயிற்சி கொடுத்து, திரும்பி வந்ததும் ஜன்னலை மூடிய ஓர் அறையில் என்னையும் இயந்திரத்தையும் விட்டார்கள். சின்னத் திரை, சாம்பல் நிறத்தில் நெளிகிற படம். குளிர்சாதனத்தில் ஜெல் பாட்டில் ஐஸ் மாதிரி ஆகிவிடும். வயிற்றில் தடவினால் பெண்கள் துள்ளுவார்கள். அதனால் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்திருப்பேன்.

வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான். கர்ப்பிணிகளும் அதில்தான், கர்ப்பப்பையை எடுத்தவர்களும் அதில்தான். கர்ப்பிணிகள் தண்ணீர் குடித்துக் குடித்து நெளிந்துகொண்டு சிரிப்பார்கள். மற்றவர்கள் தலைகுனிந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். பல தடவை வேறு பெஞ்சு கேட்டேன். இடமில்லை என்றார்கள். நடைவழி உண்மையிலேயே குறுகல்தான்.

அறுவைக்குப் பிறகு பார்ப்பது இதற்குத்தான்: காய்ச்சல் வந்தால், உள்ளே தைத்த இடத்துக்குமேல் ரத்தமோ சீழோ தேங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் கருப்பாகக் குளம் மாதிரி தெரியும். அதன் அளவை எழுதி அனுப்புவோம். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். குறைகிறதா, கூடுகிறதா என்று. முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஊகிப்பார்கள், சில சமயம் மறுபடி திறந்தே பார்ப்பார்கள்.

சிலர் திரையைக் காட்டச் சொல்வார்கள். எடுத்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. அங்கே குடல்தான் இறங்கி வந்து உட்கார்ந்திருக்கும். "காலியா இருக்கும்னு நெனச்சேன்" என்று ஒரு சீன அம்மா மலாயில் சொன்னார். காலியாக இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பார்த்தது

பத்மாவதி அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. செல்வம் அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற பஸ்ஸை ஓட்டினார். மூன்று பிள்ளைகள், மூவரும் பள்ளிக்கூடத்தில்.

இரண்டு வருடமாக அதிக உதிரப்போக்கு. வேலை நடுவே எழுந்து போகக் கூடாது என்பதால் இரண்டு மூன்று துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் அப்படியே மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். கர்ப்பப்பையில் கட்டி. நாலைந்து மாதக் கர்ப்பம் போல வயிறு. இடது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தது.

செவ்வாய்க்கிழமை கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்தவரை டாக்டர் கூ என்று வைத்துக்கொள்வோம்; அது அவர் பெயர் அல்ல. ஐம்பத்தைந்து வயது, நல்ல கை, பேச்சு குறைவு. வார்டுக்கு அவர் வருகிறார் என்றால் தாதிகள் படுக்கை விரிப்பின் சுருக்கத்தைத் தடவிவிடுவார்கள். அவர் பெண்களிடம் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அதிகம் பேசியும் கேட்டதில்லை.

வியாழன் ராத்திரி காய்ச்சல் வந்ததால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழே அனுப்பினார்கள். படிவத்தில் "கீழ் வயிறு, தேக்கம் உண்டா?" என்று இருந்தது. ஸ்கேன் தெளிவாகத் தெரிய மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். வெட்டின வயிற்றோடு தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு படுப்பது கொடுமை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். நான் விரைவாகப் பார்த்தேன். தேக்கம் இல்லை. எழுதினேன். கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன்.

அப்போதே அவர் முதுகுப் பக்கம் வலிக்கிறது என்று சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படுத்துக்கொண்டே இருந்தால் அப்படித்தான் இருக்கும் அக்கா என்று சொல்லி அனுப்பினேன். வெளியே பெஞ்சில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

படிவம் இல்லாமல்

திங்கட்கிழமை வார்டிலிருந்து கீழே இறங்கும்போது மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் கை வைத்துக் காட்டிய இடம் சிறுநீரகம் இருக்கிற இடம்.

கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தக் குழாயைக் கட்டித்தான் அதை எடுக்க முடியும். அந்தக் குழாய்க்கு அடியிலேயே, ஒரு விரல் அகலம்கூட விலகாமல், சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்குகிற குழாய் ஓடுகிறது. கட்டி பெரிதாக இருந்து இழுத்துப் பிடித்திருந்தால் அதுவும் இடம் மாறி வந்திருக்கும். கட்டும்போது அதுவும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம். எந்த நல்ல கைக்கும் நேரக்கூடியதுதான். மாட்டிக்கொண்டால் மேலே சிறுநீரகம் வீங்கும். மற்றச் சிறுநீரகம் வேலை செய்வதால் மூத்திரம் வழக்கம்போலப் போகும், ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக எதுவும் தெரியாது. நாள் கடந்தால் அந்தச் சிறுநீரகம் போய்விடும்.

எங்களிடம் முழு நேரக் கதிரியக்க மருத்துவர் இல்லை. வாரத்தில் இரண்டு காலை மட்டும் ஒருவர் வருவார். மற்ற நாளில் நான் பார்த்ததை எழுதி அனுப்புவேன், அவர் வந்ததும் கையெழுத்துப் போடுவார். படிவத்தில் கேட்டதை மட்டும் பார்ப்பது, டாக்டர் கையெழுத்து இல்லாமல் யாரையும் தொடாமல் இருப்பது, இரண்டும் அங்கே சட்டம். ஆறு மாதம் முன்னால் எக்ஸ்ரே பகுதியில் ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஒரு படம் எடுத்ததற்காக வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்.

மறுபடி மேலே போனேன். தாதியிடம், வெள்ளிக்கிழமை எடுத்த படம் சரியாக விழவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று சொன்னேன். பொய்தான். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தள்ளுவண்டியை அவரே கொண்டுவந்தார்.

இந்தத் தடவையும் வழக்கப்படி தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். முதலில் கீழ் வயிறு. தேக்கம் இல்லை. பிறகு அக்காவை வலது பக்கம் சாய்த்து, வயிற்றுக்கு ஒரு தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே கருவியை வைத்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

நல்ல சிறுநீரகம் அவரை விதை மாதிரி இருக்கும், நடுவில் வெள்ளையாக. இதில் நடுவில் வெள்ளை இல்லை. கருப்பாக இருந்தது, கையை விரித்து வைத்த மாதிரி.

"மூச்ச விடலாமா மிஸ்ஸி?" என்று அக்கா கேட்டபோதுதான் நானும் மூச்சை விட்டேன்.

இரண்டு தடவை தொலைபேசி

டாக்டர் கூ தன் அறையில் இருந்தார். தொலைபேசியில் சொன்னேன். யார் கேட்டு ஸ்கேன் செய்தீர்கள் என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன்.

 பிறகு, மூத்திரப்பை நிறைந்திருந்ததா என்று கேட்டார். ஆமாம். நிறைந்திருந்தால் மேலே சிறுநீரகத்திலும் தேங்கித்தான் தெரியும், அது உங்களுக்குத் தெரியாதா, காலி செய்துவிட்டுப் பார்த்தீர்களா என்றார்.

பார்க்கவில்லை. பாடத்தில் படித்த விஷயம், பதற்றத்தில் மறந்துபோனது. என் காது சுட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடம் நான் தப்பாகச் சொல்லியிருந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன். வேலை போனாலும் சிறுநீரகம் நன்றாக இருக்கும்.

அக்காவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். ஒரு கை என் தோளில், ஒரு கை சுவரில். திரும்பி வர வெகுநேரம் ஆனது. மறுபடி படுக்க வைத்தேன். மூத்திரப்பை சுருங்கிக் காலியாக இருந்தது. வலது சிறுநீரகத்தைப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாக, அவரை விதை மாதிரி. இடது பக்கம் போனேன்.

கருப்பு அப்படியே இருந்தது.

இரண்டாவது தடவை பேசியபோது டாக்டர் கூ ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வலது பக்கம்?"

"நல்லா இருக்கு டாக்டர்."

அவர் அத்தோடு வைத்துவிட்டார். நான் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன். படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அதுவரை என் அறைக்கு அவர் வந்ததே இல்லை. இருட்டில் கண் பழகும்வரை வாசலில் நின்றார். பிறகு திரைக்கு அருகில் வந்து, காட்டுங்கள் என்றார். காட்டினேன். திரும்பக் காட்டச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

மத்தியானமே நரம்பில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தோம். வலது பக்கம் மருந்து வெள்ளைக் கோடாக மூத்திரப்பை வரை இறங்கியது. இடது பக்கம் பாதி வழியில் வந்து நின்றது.

வார்டில் சொன்னது

அன்று சாயங்காலம் டாக்டர் கூ வார்டுக்குப் போகும்போது என்னையும் வரச் சொன்னார். மொழிபெயர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று படியேறும்போதே மனதுக்குள் சொற்களைத் தேடிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். வேலையில் இந்த ஊர்த் தமிழ். அன்று இரண்டிலும் சொல் அகப்படவில்லை.

தேவைப்படவும் இல்லை. பத்மாவதி அக்காவுக்குத் தொழிற்சாலையில் பழகிய மலாய் நன்றாகவே வரும். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான். செல்வம் அண்ணன் நின்றுகொண்டே இருந்தார்.

மலாயில் சொன்னார். உள்ளே போட்ட ஒரு தையல் சிறுநீர்க் குழாயைப் பிடித்துவிட்டது. வலி அதனால்தான். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். இந்த வேலையில் தேர்ந்த இன்னொரு டாக்டர் நாளைக்கு வருவார். அவர் செய்வார்.

பிறகு, "சாயா புஞ்ஞா சாலா" என்றார். என் தப்பு.

தாதி தன் கையில் இருந்த தட்டையே பார்த்தார். அந்தக் காலத்தில் எந்த டாக்டரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. செல்வம் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"நீங்களும் கூட இருப்பீங்களா?" என்று டாக்டரைக் கேட்டார்.

டாக்டர், வேண்டாம் என்றால் இருக்கமாட்டேன் என்றார்.

"இருங்க. எங்க போட்டீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

டாக்டர் தலையசைத்தார். எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அக்கா அழுதார். வலிக்காக இல்லை, கொஞ்ச நாளாக எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தீர்கள் என்று செல்வம் அண்ணனிடம் சொன்னார். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  அடுத்த பத்து நாளும் பஸ் ஓட்டி முடித்த கையோடு சீருடையிலேயே வந்து அங்கேயே இருந்தார்.

குழாய் எடுத்த பின்

இரண்டாவது அறுவை நான்கு மணி நேரம் நடந்தது. தையலை அவிழ்த்தார்கள். அது பிடித்திருந்த இடம் நைந்துபோயிருந்ததால் வெட்டி எடுத்துவிட்டு, குழாயை மூத்திரப்பையில் வேறு இடத்தில் பொருத்தினார்கள். அது ஆறும்வரை உள்ளே ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை விட்டிருந்தார்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அக்காவைக் கீழே கொண்டுவருவார்கள். நான் அளந்து எழுதுவேன். கருப்பு மெல்லக் குறைந்தது. ஆனால் ரப்பர்க் குழாய் உள்ளே இருக்கும்வரை அதை நம்ப முடியாது. எடுத்த பிறகும் வீங்காமல் இருந்தால்தான் பிழைத்தது என்று அர்த்தம்.

இதற்கிடையில் டாக்டர் கூவிடமிருந்து ஒரு தாள் வந்தது. இனிமேல் தன்னுடைய நோயாளி யாராக இருந்தாலும், கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஸ்கேனுக்கு வந்தால் இரண்டு சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், மூத்திரப்பையைக் காலி செய்த பிறகும் பார்க்க வேண்டும் என்று கையால் எழுதியிருந்தார். படிவம் இல்லாமல் நான் செய்ததைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் யாரிடமாவது சொல்லி நிறுத்தினாரா, தெரியாது. நானும் கேட்கவில்லை.

ரப்பர்க் குழாயை எடுத்து மூன்றாம் நாள் கடைசி ஸ்கேன். அக்கா இப்போது யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்து வந்தார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. இத்தனை நாளும் சாப்பாட்டைத் தொட்டுத் தொட்டு வைத்துவிடுவார் என்று தாதிகள் சொல்வார்கள்.

சாய்ந்து படுத்தார். கருவியை வைத்தேன். நடுவில் வெள்ளை திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் இன்னும் லேசாகக் கருப்பு, கீறல் மாதிரி. அளந்தேன். மறுபடி அளந்தேன். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி, இது வலது, இது இடது என்று காட்டினேன். மைக்ராஸ்கோப்புக் கண் அல்லவா, கீறலை அவரே கண்டுபிடித்துக் கேட்டார். போகப் போக அதுவும் போய்விடும் என்றேன்.

ஜெல்லைத் துடைக்கத் துணியைக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, வெள்ளிக்கெழமையே நீங்க முதுகு வலின்னு சொன்னீங்க. நான் பாக்கல. அன்னிக்கே பாத்திருந்தா மூணு நாள் வலி மிச்சம்."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். துணியை மடித்து என்னிடம் கொடுத்தார். எனக்கு அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"தெரியும்" என்றார். "அன்னிக்கு உங்க மேல கோவமாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கால்களால் செருப்பைத் தேடினார். நான் குனிந்து எடுத்துப் போட்டேன்.

"டாக்டரும் தப்புன்னு சொல்லிட்டாரு, நீங்களும் சொல்லிட்டீங்க. இப்ப எனக்குப் பசிக்குது லா, மிஸ்ஸி. மேல அந்தக் கஞ்சிய என்னால குடிக்க முடியாது. வெளிய மீ கோரெங் கெடைக்குமா?"

தாதியைக் கேட்டேன். எல்லாம் சாப்பிடலாம், காரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மருத்துவமனை வாசலில் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் வறுத்து விற்கிற ஒரு மாமாக் நானா, தமிழ் முஸ்லிம் ஒருவர், நின்றிருப்பார். போய், காரத்தைக் குறைத்துப் போடச் சொல்லி, தாளில் கட்டி வாங்கி வந்தேன். தாளைத் தாண்டி எண்ணெய் ஊறிச் சூடாக இருந்தது.

வெளியே பெஞ்சில் அன்று நாலைந்து கர்ப்பிணிகள் இருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். அக்கா அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மடியில் பொட்டலத்தைப் பிரித்தார். வாசனைக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்கேனுக்காகத் தண்ணீராகவே குடித்து நிரப்பிய வயிறுகள் அவை. அவர் யாரையும் கவனிக்கவில்லை. முள்கரண்டி வரும்வரை காத்திராமல் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

நான் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டேன்.